காப்புக் கட்டிய ஊரில் விருந்தாளிகள்

27.03.2025, வியாழன்

இன்றைய தவறு என்று எழுதினால் அதுவும் தவறு. செய்தது செவ்வாய்க்கிழமை, தெரிந்தது இன்று. ஆவரங்குளத்தில் முளைப்பாரி வளர்கிற வீட்டுக்குள் போய்ப் பார்க்க முடியுமா என்று சக்திகுமார் சார் போனில் கேட்டார். “பாக்கலாம் சார்” என்று சொல்லிவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. எங்கள் தெருவில் சௌடம்மன் திருவிழாவுக்குக் கத்தி போட்டு ஆடுவதை ஊரே நின்று பார்க்கும். படம் எடுக்க வருகிறவர்களுக்கு அப்பாவே நாற்காலி கொண்டுவந்து போடுவார். சாமி காரியம் என்றால் பார்ப்பதற்குத்தான் என்று நினைத்துவிட்டேன்.

மாலை வகுப்பு டீச்சர் தினமும் டைரி எழுதச் சொல்லியிருக்கிறார். முதலில் அன்றைய பிழை, கடைசியில் மறுநாள் வேலை, எல்லாம் இங்கிலீஷில். பிழையை இங்கிலீஷில் எழுதினால் சின்னதாகத் தெரிகிறது. அதனால் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

சக்திகுமார் சார் மதுரையில் ஒரு சுற்றுலா நிறுவனத்தில் இருக்கிறார். வெளிநாட்டுக்காரர்களை மதுரையிலிருந்து செட்டிநாட்டுக்குக் கூட்டிப்போகிற வழியில் ஒரு பொழுது ஆவரங்குளத்தில் நிறுத்துவார்கள். கண்மாய்க் கரையில் இறங்கி, உக்கிரபாண்டி அண்ணன் மாட்டு வண்டியில் ஊருக்குள் வருவார்கள். மல்லிச்செடி, மிளகாய், கரிமூட்டம் எல்லாம் பார்த்துவிட்டு ரேணுகாதேவி அக்கா வீட்டில் சாப்பிடுவார்கள். நான் அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் போய், அவர்கள் பேசுவதை இவர்களுக்கும் இவர்கள் பேசுவதை அவர்களுக்கும் சொல்வேன். இரண்டு வருடமாக இது நடக்கிறது. இதற்கு முன்னால் அக்கா ஏழு வருடம் நூல் மில்லுக்குப் போனவர். மில் வேன் இன்னமும் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் வந்து நிற்கிறது. அக்கா மட்டும் அதில் ஏறுவதில்லை.

இந்தச் சனிக்கிழமை பிரான்சிலிருந்து ஆறு பேர் வருகிறார்கள். முளைப்பாரி பார்க்கலாம் என்று சொல்லித்தான் அவர்களை இந்தப் பக்கம் திருப்பியிருக்கிறார் சார். இன்று காலை அம்மாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். சேலை மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, “கிராமத்துல பாரி வீட்டைத் தொறந்து காட்ட மாட்டாங்களே, கேட்டியா?” என்றார். கேட்கவில்லை. உடனே பஸ் ஏறினேன்.

ரேணுகாதேவி அக்காவின் கணவர் மாரீஸ்வரன் அண்ணன் ஊருக்கு வெளியே கரிமூட்டத்துக்குப் பக்கத்தில் நின்றார். வேலிக்கருவேல் விறகை அடுக்கி, மண் பூசி, தீ வைத்து இரண்டு நாளாகிறது. மண்ணில் வெடிப்பு விழுந்தால் காற்றுப் புகுந்து கரி சாம்பலாகிவிடும். அண்ணன் ஈர மண்ணை அள்ளி அள்ளி வெடிப்பை அடைத்துக்கொண்டிருந்தார். வெயில் ஒரு பக்கம், மூட்டத்தின் சூடு ஒரு பக்கம். அவர் கண் சிவந்திருந்தது.

“என்ன தாயி, சனிக்கிழமதான வாராக?”

“ஒரு தப்புப் பண்ணிட்டேண்ணே.”

“நீயா? கழுவி வச்ச டம்ளரு காஞ்சிருச்சான்னு திரும்ப வந்து பாக்குற ஆளு நீ.”

சொன்னேன். அவர் கையிலிருந்த மண்ணை வெடிப்பில் வைக்காமல் தரையில் போட்டார்.

“பாரி வீட்டுக்குள்ளயா? ஏத்தா, நான் அவ புருசன். பாரி வளக்கச் செவ்வாக்கிழம காப்புக் கட்டுனதுலருந்து அவ மொகத்த நானே பாக்கல. சோத்த வாசல்ல வச்சுட்டுத் திரும்பி நிக்கேன். எடுத்துக்கிட்டாளான்னு வளையல் சத்தத்த வச்சுத்தான் தெரிஞ்சுக்கிறேன்.”

“தெரியாம சொல்லிட்டேண்ணே.”

“ஊருல எல்லா வீட்டுப் பயறும் உள்ள கெடக்கு. பாதியில எவனாவது பாத்து, பாரி சாஞ்சுதுன்னு வையி, இந்த வருசம் மழ இல்லாததுக்கும் எம்பொண்டாட்டிதான் காரணம்பாக. போ, அவகிட்டயே சொல்லு. நான் இங்கிட்டு அடைச்சா அங்கிட்டு வெடிக்கிது.”

கடைசியில் சொன்னது மூட்டத்தையா, என் விஷயத்தையா என்று தெரியவில்லை.

பாரி வளர்ப்பது பால்ச்சாமி என்பவருடைய காரை வீட்டில். அவர்கள் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போனதிலிருந்து பூட்டிக் கிடந்த வீடு. ஜன்னலையெல்லாம் சாக்கு வைத்து அடைத்திருந்தார்கள். கதவில் வேப்பிலை. செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டுப் போனேன்.

“அஷ்வினியா?” உள்ளேயிருந்து அக்கா குரல் வந்தது. “நடைய வச்சே தெரிஞ்சுது. ரெண்டு எட்டு வச்சா ஒரு எட்டு யோசிப்ப.”

பிறகு இருமல்.

“இருமல் கொறையலையாக்கா?”

“ஏழு வருசம் உள்ள போன பஞ்சு ஏழு நாள்ல வெளிய வந்துருமா? சொல்லு, என்ன?”

கதவிடம் சொன்னேன். ஆள் முகம் தெரியாமல் ஒரு தவறைச் சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

“தண்ணி தெளிக்கிற நேரம். தெளிச்சுட்டு வாரேன். இரு.”

இருந்தேன். பயறு போட்ட மண் ஓடுகளில் தண்ணீர் விழுகிற சத்தம் ஓட்டுக்கு ஓடு நகர்ந்து போனது. கதவிடுக்கில் ஊறின பயறும் சாணிப் பொடியும் கலந்த வாசம் வந்தது. முளை விட்டிருக்கும் போல.

“மில்லுக்குப் போனப்ப பங்குனிப் பொங்கலுக்குக்கூட லீவு கெடையாது,” என்றார் அக்கா, கதவுக்கு அருகில் வந்து. “பாரி வேனுக்கு முன்னால போகும். நான் உள்ள உக்காந்து கும்பிட்டுக்கிருவேன். வெள்ளக்காரவுக வேல வந்தப்பறந்தான் ஊருல இருக்கேன். இந்த வருசம் பூப்போட்டுப் பாத்ததுல எம்பேரு வந்துச்சு. முடியாதுன்னு சொல்லுவனா?”

“இல்லக்கா.”

“பாரி நல்லா வந்தா அம்மனச் சொல்லுவாக. வரலேன்னா என்னையச் சொல்லுவாக. இது தெரிஞ்சுதான் காப்புக் கட்டிக்கிட்டேன். நீ சொன்னத நீயே போயி இல்லேன்னு சொல்லிரு.” கொஞ்சம் விட்டு, “வேல போயிருமா?” என்று கேட்டார்.

“தெரியலக்கா.”

“போனா வேனு நிக்கிது,” என்றார். மறுபடி இருமல்.

நாளைய வேலை: சக்திகுமார் சாரிடம், பார்க்க முடியாது என்று சொல்வது. இன்று சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் இரண்டு தடவை போனை எடுத்து உள்ளே வைத்தேன்.

28.03.2025, வெள்ளி

இன்றைய தவறு: சாரிடம் சொல்லும்போது “பார்க்க முடியாதுன்னு நினைக்கிறேன்” என்று சொன்னது. முடியாது என்று மட்டும் சொல்லியிருக்க வேண்டும்.

“நினைக்கிறியா?” என்றார் அவர். “அஷ்வினி, எனக்கும் மேல ஆளு இருக்காங்க. பாரி இல்லேன்னா அவங்க நேரா காரைக்குடிக்குப் போயிருவாங்க. அப்புறம் ஆவரங்குளம் எதுக்குன்னு மேல கேப்பாங்க. வேற ஊரு நாலு காத்துக்கிட்டு இருக்கு.” பிறகு அவரே ஒரு வழி சொன்னார். “அருப்புக்கோட்டையில வளத்த பாரி விலைக்குக் கிடைக்குமே. ரெண்டு வாங்கிட்டுப் போயி அந்தம்மா வீட்டு மாட்டுக் கொட்டத்துல வச்சுக் காட்டு. அவங்களுக்கு என்ன தெரியப் போவுது?”

உண்மைதான். டவுனில் வேலைக்குப் போகிற பெண்கள் பாரியை ஆர்டர் கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். எனக்கும் அந்த யோசனை பிடித்தது. ஆனால் இந்தத் தடவை வாங்குவதற்கு முன்னால் ஊரில் கேட்டேன். மாரீஸ்வரன் அண்ணன் வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு மூக்கம்மாள் பெரியம்மா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அவரே பதில் சொன்னார்.

“கோழிக்கறி மாதிரி பாரியவும் கடையில தூக்கித் தாரானா? ஒங்க டவுன்ல இன்னும் என்னென்ன விக்கிது? அழுகுறதுக்கு ஆளு கெடைக்குமா?”

“சும்மா காட்டுறதுக்குத்தான் பெரியம்மா.”

“காப்புக் கட்டுன ஊருக்குள்ள வேத்தூருப் பாரி எல்லையத் தாண்டக் கூடாது. தாண்டுனா ரெண்டு அம்மனுக்கும் சண்ட. இங்க மனுசப் பய சண்டையே தீந்தபாடில்ல.”

அண்ணன் தலையாட்டினார். அதோடு அந்த யோசனை முடிந்தது.

அடுத்தது சாப்பாடு. அக்கா பாரி வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது. அப்படியானால் ஆறு பேருக்கு யார் சமைப்பது? காப்புக் கட்டும்போதே இது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அண்ணன் பெரியம்மாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

“என்னைய எதுக்குப் பாக்குறீக? ரெண்டு வருசமா அவ வீட்டு வாசல்ல காரு நிக்கயில எவனாவது எம்பக்கம் திரும்புனீகளா?”

“அத்தே, ஒரு நாளைக்குத்தான்,” என்றார் அண்ணன்.

“ஒரு நாளைக்குத்தான்னு கேட்டுத்தான் ஒன் மாமன் என்னையப் பொண்ணு பாக்க வந்தான்.” கீரைக் காம்பைத் தூக்கி எறிந்தார். “காப்புக் கட்டுன ஊருல கடுகு வெடிக்கக் கூடாது. வறுக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது. கம்பஞ்சோறும் தாளிக்காத மொச்சக் கொழம்புந்தான். திம்பாகளா ஒங்காளுக?”

“சொல்லிப் புரியவைக்கிறேன் பெரியம்மா.”

“நீ சொல்லித்தான இம்புட்டும்,” என்றார்.

மறுபடி சாருக்குப் போன் செய்து, நினைக்கிறேன் என்ற சொல் இல்லாமல், முடியாது என்றேன். அவர், “நான் நேர்ல வாரேன். அங்க வச்சுப் பேசிக்கிருவோம்,” என்று வைத்துவிட்டார்.

29.03.2025, சனி

இன்று தவறா, சரியா என்று தெரியாத ஒன்று நடந்தது. வரிசையாக எழுதுகிறேன்.

வெயில் தாழ வந்தார்கள். கரையில் உக்கிரபாண்டி அண்ணன் வண்டியோடு நின்றார். வண்டிக்கு வைக்கோல் மெத்தை போட்டு, குத்தாமல் இருக்க மேலே ஜமுக்காளம் விரித்திருந்தார். ஏறுவதற்கு முன்னால் மாட்டருகே போன வயதான பெண்ணின் ஓலைத் தொப்பியை இடப்பக்கத்து மாடு தீவனம் என்று நினைத்து எட்டி இழுத்துவிட்டது.

“ஏலே, அது விருந்தாளி தொப்பிடா!” என்று மாட்டை அதட்டினார் அண்ணன். “தாயி, பசியில இல்ல, பழக்கத்துலன்னு சொல்லு.” சொன்னேன். சிரித்தார்கள். நாள் நன்றாகப் போகும் என்று அப்போது நினைத்தேன்.

மூக்கம்மாள் பெரியம்மா சமையலை ரேணுகாக்கா வீட்டு அடுப்பில் செய்யவில்லை. தன் வீட்டு முற்றத்திலேயே கல் கூட்டி வைத்துச் சமைத்திருந்தார். கம்பஞ்சோறு, மொச்சைக் குழம்பு, மோர், உரித்த சின்ன வெங்காயம், ஒரு சொம்பு பதனி. கடுகு ஏன் இல்லை என்று நான் விளக்கினேன். ஊர் முழுக்க எட்டு நாள் எந்த வீட்டிலும் தாளிப்புச் சத்தம் கேட்காது என்றதும் அவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக் கேட்டார்கள். தூரத்தில் ஆடு கத்தியது. வேறு சத்தமில்லை. தொப்பிக்காரப் பெண் என்னவோ கேட்க, பெரியம்மா புரிந்தமாதிரி பலமாகத் தலையாட்டிவிட்டு இன்னொரு அகப்பை சோற்றை இலையில் வைத்தார். அந்தப் பெண் போதும் என்றுதான் சொல்லியிருந்தார். ஆனாலும் சாப்பிட்டுவிட்டார்.

பொழுது இறங்கியதும் பெண்கள் பாரி வீட்டு வாசலில் கும்மி அடித்தார்கள். அடைத்த கதவைப் பார்த்து, வட்டமாக. உள்ளேயிருந்து அக்கா மட்டும் தனியாகக் கை தட்டுவது கேட்டது, அரை நொடி பின்னால். வந்தவர்களில் ஒருவர் மெதுவாகப் பக்கச் சுவருக்குப் போய், ஜன்னல் சாக்கின் ஓட்டைக்குப் போனைக் கொண்டுபோனார். மாரீஸ்வரன் அண்ணன் அங்கே போனார். தோள் துண்டை எடுத்து, உதறி, ஓட்டையின் மேல் தொங்கவிட்டு, அதற்கு முன்னால் நின்றுகொண்டார். அந்த ஆள் போனைப் பைக்குள் வைத்தார்.

கும்மி முடிந்தது. சக்திகுமார் சார் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“ஒரு தடவ கேளு. ரெண்டு நிமிசம். விளக்குக்கூட வேணாம். இவ்வளவு தூரம் வந்துட்டாங்க. நான் என்ன கெடுதலுக்கா கேக்குறேன்? இந்த ஊருக்கு வேலை நிக்கணும்னுதான் கேக்குறேன்.”

அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் என்னை நகரவிடாமல் செய்தது. நான் கதவருகில் போனேன்.

“கேட்டுச்சு,” என்றார் அக்கா உள்ளேயிருந்து. வாசலில் நின்ற எல்லோருக்கும் கேட்கிற குரல். “அஷ்வினி, பாக்கலாம்னு மொதல்ல சொன்னவ நீ. இப்பவும் நீயே சொல்லு. தொறக்கவா?”

பெண்கள் யாரும் அசையவில்லை. பெரியம்மா இடுப்பில் கை வைத்து நின்றார். உள்ளே தாழ்ப்பாளில் கை பட்ட சத்தம் கேட்டது. அது விளையாட்டுக்குக் கேட்டதில்லை. நான் ஆம் என்றால் திறந்திருப்பார். வேலை நிலைக்கும், மில் வேன் அவர் இல்லாமல் போகும். பாரி சாய்ந்தால், கேட்டவள் நான் என்றாலும் ஊர் பேசுவது அவரைத்தான்.

“வேணாங்க்கா,” என்றேன்.

பிறகு வந்தவர்களிடம் திரும்பி, இந்தக் கதவு செவ்வாய்க்கிழமைதான் திறக்கும், பார்க்கலாம் என்று சொன்னது என் தவறு, ஊரின் தவறு இல்லை என்று இங்கிலீஷில் சொன்னேன். முன்கூட்டி எழுதி வைத்துக்கொள்ளாமல் நான் சொன்ன முதல் இங்கிலீஷ் அதுவாகத்தான் இருக்கும். தொப்பிக்காரப் பெண் தலையசைத்தார். இன்னொருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேறொருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வண்டியில் ஏறும்போது சார் என்னைப் பார்க்காமல் பேசினார். “சித்திரைக்கு முன்னாடி இன்னொரு குரூப் இருக்கு. இந்த ஊரை எப்படியாவது சொல்லி வைக்கிறேன். ஆனா இனிமே சமையல் மூக்கம்மாவே பாக்கட்டும். விரதம், காப்புன்னு நடுவுல நிக்காம வேலை நடக்கணும்.”

“ரேணுகாக்கா?”

“ஒரு ஆளுக்குத்தான் வேலை, அஷ்வினி.”

பாரி வீடு பத்தடி தூரத்தில் இருந்தது. அதுவரை கேட்ட இருமல் நின்றிருந்தது.

பெரியம்மா பாத்திரத்துக்குச் சாம்பல் போட்டுக்கொண்டிருந்தார். சார் சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது. நான் போனதும் நிமிராமல், “என்னடி பாக்குற?” என்றார். “நான் கேட்டேனா? கேக்கல. குடுத்தா வேணாம்னு சொல்லுவேனா? அதுவும் சொல்ல மாட்டேன். எனக்கும் ஒல கொதிக்கணும்.”

அவர் சொன்னதில் தவறு எது என்று பஸ் முழுக்கத் தேடினேன். கிடைக்கவில்லை.

02.04.2025, புதன்

இன்றைய தவறு: மூன்று நாள் டைரி எழுதாதது. வகுப்புக்கும் போகவில்லை. ஞாயிறும் திங்களும் சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் வீட்டுக்கும் தெருவுக்கும் நடந்தேன். அப்பா தறியை நிறுத்திவிட்டு, “இந்தப் பொண்ணு தறி நாடாவ விட மோசமாப் போயிட்டு வருது,” என்று அம்மாவிடம் சொன்னார்.

நேற்றுப் பொங்கல். கதவு திறக்கும்போது வாசலில் ஊரே நின்றது. பாரிகள் ஓடு ஓடாக வெளியே வந்தன. வெயில் படாத பயிர், வெளிர் மஞ்சள், முழங்கை உயரம். ஒன்றுகூடச் சாயவில்லை. ஒரு பெரியவர், “இந்த வருசம் மழ உண்டு,” என்றார். குலவைச் சத்தத்தில் எல்லோரும் அம்மனைச் சொன்னார்கள். கடைசியாக ரேணுகாக்கா வந்தார், கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு. வெளிச்சம் தாங்காமல் வாசல்படியில் தடுமாறினார். மாரீஸ்வரன் அண்ணன் கூட்டத்துக்குப் பின்னால் நின்று, முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காளின் பெயரை யாரும் சொல்லவில்லை. அவர் அப்போதே சொன்னதுதான்.

இன்று பாரி கரைத்தார்கள். கண்மாயில் தண்ணீர் இல்லை. நடுவில் மண் அள்ளின பள்ளத்தில் மட்டும் முழங்கால் அளவு கிடந்தது. எல்லோரும் அந்தப் பள்ளத்துக்குள் வரிசையாக இறங்கினார்கள். அங்கே வைத்துத்தான் அக்கா என்னிடம் சொன்னார், நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே.

“மில்லு மேஸ்திரிக்குப் போன் போட்டுட்டேன். நாளைக்கு மதிய ஷிப்டு.”

“என்னாலதானக்கா.”

“நீ வேணாம்னு சொன்னப்ப எனக்கு மூச்சு வந்துச்சு தெரியுமா? சரின்னு சொல்லியிருந்தா தொறந்திருப்பேன். தொறந்துட்டு, ஆயுசுக்கும் ஒன்னைய ஏசிக்கிட்டு இருந்திருப்பேன்.” இருமினார். “மில்லு ஒண்ணும் புதுசில்ல. ஏறி உக்காந்தா அதுபாட்டுக்குக் கொண்டுபோயி விட்டுரும்.”

இரண்டு எட்டுத் தள்ளி மூக்கம்மாள் பெரியம்மா தன் வீட்டுப் பாரி ஓட்டைக் கவிழ்த்து அலசிக்கொண்டிருந்தார். அக்காளைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துப் பேசினார்.

“அந்தத் தொப்பிக்காரி என்னமோ கேட்டா. நான் தலைய ஆட்டுனேன். பாவம், ரெண்டு ஆளு சோத்தத் தின்னுட்டுப் போனா. எனக்கு அடுப்பு ஊதத் தெரியும். சிரிச்சுக்கிட்டே நிக்கத் தெரியாது. கன்னம் வலிக்கிது.”

அக்கா முந்தானையை உதறி இடுப்பில் செருகினார்.

“மில்லுக்குப் போறவ போகட்டும். எனக்கென்ன?” என்றார் பெரியம்மா, இன்னும் தண்ணீரிடமே. “ஆறு எலைக்கு ஒருத்தியே பரிமாறி, ஒருத்தியே ஊதி, ஒருத்தியே பல்லக் காட்டணும்னு எவன் சட்டம் போட்டான்?”

சொல்லிவிட்டு ஓட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையேறிவிட்டார். அக்கா அவர் போவதைப் பார்த்தபடி நின்றார். அவர் முகத்தில் இருந்தது கோபமா, யோசனையா என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று கதவுக்கு வெளியே உட்கார்ந்தபோது நினைத்திருந்தேன்.

திரும்பி வரும்போது திருச்சுழி தாண்டியதும் சக்திகுமார் சாருக்குப் போன் போட்டேன். ஒரு வேலையை இரண்டு பேர் பிரித்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்கள் என்று சொல்வதற்கு. மணி அடித்தது. அவர் எடுப்பதற்குள் வைத்துவிட்டேன். பெரியம்மா தண்ணீரிடம் சொன்னதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள நான் யார்? பாதி வேலைக்காக மில்லை விட அக்காளால் முடியுமா என்றும் எனக்குத் தெரியாது. அவர் இரண்டு தடவை திருப்பிக் கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை.

நாளைய வேலை: காலை பஸ்ஸில் ஆவரங்குளம் போக வேண்டும். மதிய வேன் வருவதற்கு முன்னால் ரேணுகாக்காவிடம் தனியாகவும், மூக்கம்மாள் பெரியம்மாவிடம் தனியாகவும் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு சாருக்குப் போன்.